சைகோன் சந்துக்குள் ஒரு சட்டி முட்டை

மக்களே, காலை எட்டு மணி. வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில், அதாவது பழைய சைகோனில், காவ் தாங் தெருவில், ஒரு சந்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் மோவாயில் இடிக்கிற அளவுக்குக் குட்டி ஸ்டூல். எனக்குப் பின்னால் தெரிகிறதே, அதுதான் ஹோவா மா கடை. 1958-இல் ஹனோய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி ஆரம்பித்தது.

இந்த நாட்டை ஒரு காலத்தில் ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டியைத் தட்டில் வைத்து, இறைச்சியையும் ஈரல் விழுதையும் தனியே வைத்துத்தான் சாப்பிடுவார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவனுக்கு அது சரிப்படுமா? அதனால் இந்த ஊர்க் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே அடைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்படி முதலில் விற்ற கடைகளில் இதுவும் ஒன்று என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைக்கே வந்து பார்த்தால், சுற்றிலும் யார் கையிலும் சாண்ட்விச் இல்லை! எல்லோர் முன்னாலும் கைப்பிடி வைத்த அலுமினியச் சட்டி. எனக்கும் அதுதான் வந்திருக்கிறது. கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இரண்டு முட்டை, அடியில் வெங்காயம், ஓரத்தில் பன்றி இறைச்சித் துண்டுகள். எண்ணெய் இன்னும் சடசடக்கிறது, கேட்கிறதா? பன்றி வேண்டாதவர்கள் முட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். முட்டைக்கு இங்கே 'ஓப் லா' என்று பெயர். பிரெஞ்சுச் சொல்தான், வியட்நாமிய வாயில் புகுந்து இப்படி ஆகிவிட்டது.

அப்புறம், அந்த அடைத்த ரொட்டிக்குப் பெயர் 'பான் மி'. மி என்றால் கோதுமை. உள்ளே ஒன்றுமே வைக்காத வெறும் ரொட்டிக்கும் அதே பெயர்தான். இலங்கை நண்பர்கள் உடனே "எங்கள் பாண்!" என்று கிளம்பிவிடாதீர்கள். அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, இது வேறு.

சரி, ரொட்டியைப் பிய்க்கிறேன். பாருங்கள், மேலோடு அப்பளம் மாதிரி நொறுங்கிச் சட்டையெல்லாம் தூள். உள்ளே பஞ்சு, பாதி காற்று. பிரான்ஸ் ரொட்டியை இழுத்து மென்றால் தாடை வலிக்கும், இதில் அந்தக் கஷ்டமே இல்லை. மஞ்சள் கருவில் தோய்த்து, மேலே கொஞ்சம் ஊறுகாய். ஊறுகாய் என்றதும் எலுமிச்சையை நினைக்காதீர்கள். காரட்டும் முள்ளங்கியும் காடியிலும் சர்க்கரையிலும் ஊறியது. ம்ம்... இந்தப் புளிப்பு இல்லாவிட்டால் இவ்வளவு கொழுப்பைச் சாப்பிட முடியாது. ஈரல் விழுது மட்டும் எனக்குக் கொஞ்சம் உப்புதான். பச்சை மிளகாய் வேண்டுமா என்று கேட்டார்கள், நான் வீரமாகத் தலையாட்டினேன். ஒரு நிமிடம், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

விலை அறுபதாயிரத்தை ஒட்டி வந்தது. பதறாதீர்கள், டாங் கணக்கு. நம் காசில் இருநூறு ரூபாய் சொச்சம். காலையில் மட்டும்தான் கடை, அதனால் மெதுவாக எழுந்து வரலாம் என்று நினைக்காதீர்கள்.

சட்டியின் அடியில் இன்னும் வெங்காயம் ஒட்டியிருக்கிறது, ரொட்டி தீர்ந்துவிட்டது. அக்காவிடம் ஒற்றை விரலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே இரண்டு கொண்டுவருகிறார்.