சுவரில் இருக்கிற மூன்றாவது ஓட்டை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மும்பை சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறேன். 30 வருஷம் மின்சார வேலை பார்த்தவன். பரீட்சை முடிந்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். "மாமா, சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும், லாமிங்டன் ரோடுக்குக் கூட வர்றீங்களா?" என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் பார்ட் விற்கிற கடைத்தெரு அது. வருகிறேன், ஆனால் முதலில் உன் வீட்டுக்கு வருகிறேன் என்பேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். கம்ப்யூட்டர் வேலையே அந்த வீட்டுச் சுவரில்தான் தொடங்குகிறது. இன்றைக்கு நான் பேச வந்ததும் அதைத்தான்.

எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது மாடியில் ஒரு பையன், பிஎஸ்சி கம்ப்யூட்டர் படிக்கிறான். இரண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒவ்வொரு பார்ட்டாகப் பார்த்து வாங்கி, தானே மாட்டிவிட்டான். சுத்தமான வேலை. வயர்களைக் கூட அழகாகக் கட்டியிருந்தான். ஆனி மாதம், நல்ல மழை. ஒருநாள் அவன் அம்மா வெறுங்காலோடு நின்று ஈரத்துணியால் கம்ப்யூட்டர் பெட்டியை, அதாவது கேபினெட்டைத் துடைத்திருக்கிறார்கள். சுரீர் என்று இழுத்தது போல இருக்க, கையை உதறிவிட்டார்கள். "அண்ணே, இந்தப் பெட்டி ஷாக் அடிக்குது, இவனைத் தொடாதேன்னு சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். கடையில் கேட்டதற்கு, எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பையன் அதற்குள் கேபினெட்டை மாற்றிப் பார்த்திருக்கிறான். அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையை, மாற்றப் போகிறேன் என்றான்.

நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கேபினெட்டின் ஸ்க்ரூவில் வைத்தேன், எரிந்தது. மங்கலாக, ஆனால் எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு ப்ளக் பாயிண்டைக் கழற்றினேன். வெளியே மூன்று ஓட்டை. பின்னால் இரண்டே வயர். மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பித்தளை ஸ்க்ரூவில் வயர் பட்ட தடம் கூட இல்லை, கடையிலிருந்து வந்த பளபளப்பு அப்படியே இருந்தது. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அங்கே எர்த், அதாவது பூமிக்குப் போகிற வயர், வரவே இல்லை.

ஏன் ஷாக் அடித்தது? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், கரண்டில் வருகிற இரைச்சலை வடிகட்டுவதற்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. கரண்ட் வருகிற ஃபேஸிலிருந்து ஒன்று, திரும்புகிற நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் பெட்டியின் தகரத்தோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகரம் நடுவில் தொங்கும். நம் வீட்டில் 230 வோல்ட் என்றால் தகரத்தில் அதில் பாதி, கிட்டத்தட்ட 115 நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைத் தூக்கிப் போடாது. அதனால்தான் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு உள்ளே ஒரு வயரின் இன்சுலேஷன் போய்த் தகரத்தில் பட்டால் முழு 230 வோல்ட்டும் பெட்டியில் நிற்கும். எர்த் இருந்தால் பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் அடுத்துத் தொடுகிற கைதான் எர்த்.

மூன்று பின் ப்ளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே இருக்கிற பின் மற்ற இரண்டையும் விட நீளம், பருமன். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. அவ்வளவு யோசித்துச் செய்த பின்னை, பின்னால் வயரே இல்லாத ஓட்டையில் செருகி வைத்திருக்கிறோம்.

சரி, அந்த வீட்டுக்கு என்ன செய்தோம்? கீழே மீட்டர் ரூமில் எர்த் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வயர்மேனை வைத்து அங்கிருந்து பச்சை வயர் இழுத்தோம். வயர்மேன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் பிடித்துப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. கரண்ட் கசிந்தால் அணைக்கிற ஆர்சிசிபி வைத்த வீடாக இருந்தால் அது டக்கென்று விழும். அப்படி விழுந்தாலும் எர்த் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று. சிலர் போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு எர்த் கொடுத்தாச்சு என்பார்கள். அது மகா ஆபத்து. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் பெட்டியே ஃபேஸ் ஆகிவிடும். வேலை முடிந்ததும் அந்த அம்மா உள்ளங்கையைக் கேபினெட் மேல் வைத்து ஒரு நிமிஷம் அப்படியே எடுக்காமல் நின்றார்கள்.

ஆகவே, சுவரைப் பார்த்துவிட்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போங்கள்.

போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். எதற்காக இந்தக் கம்ப்யூட்டர்? கணக்கு எழுத, படிக்க, புரோகிராம் எழுத என்றால் திரையில் படம் காட்டுவதற்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ஆனால் ப்ராஸசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் ப்ராஸசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் பணம் மிச்சமாகிறது என்று அதை வாங்கிவந்து, திரையில் ஒன்றும் வராமல் விழித்த பிள்ளைகள் உண்டு.

குக்கருக்குக் காஸ்கெட் வாங்கப் போனால் எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள் இல்லையா? இதுவும் அப்படித்தான். ப்ராஸசரை முடிவு செய்தால் மதர்போர்டில் அது உட்கார வேண்டிய சாக்கெட் முடிவாகும். மதர்போர்டு முடிவானால் ரேம் முடிவாகும். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 ரேம், ஏஎம்5 என்றால் டிடிஆர்5. ஒன்றில் மற்றது ஏறாது, ரேமின் அடியில் வெட்டு இருக்கிற இடமே வேறு. அமுக்கிப் பார்க்காதீர்கள்.

மறுபடியும் கரண்டுக்கே வருகிறேன், மன்னிக்க வேண்டும். பணம் பற்றாமல் போனால் எல்லோரும் முதலில் கைவைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில். மலிவான கேபினெட்டோடு சேர்ந்தே வருகிற எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். லேபிளில் 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும், கையில் தூக்கினால் காலி டப்பா போல இருக்கும். ரேமை இன்றைக்கு 8 ஜிபி வாங்கி, தீபாவளிக்கு இன்னொரு 8 போடலாம். எஸ்எம்பிஎஸ் கெட்டால் போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். யுபிஎஸ் வாங்கும்போது 600 விஏ என்பது 600 வாட்ஸ் இல்லை, பெரும்பாலும் 360தான் வரும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

சயானில் ஏறி தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தால் கடைத்தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். மத்தியானத்துக்குள் வாங்கி முடித்துவிட்டால் கூட்டம் ஏறுவதற்குள் ட்ரெயினைப் பிடித்துவிடலாம். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி அதை வைத்துத்தான்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். மாட்டுகிற முறையைச் சொல்ல வைத்திருந்தேன், எந்தப் பின் எங்கே என்பதற்கு மதர்போர்டு புத்தகத்திலேயே படம் இருக்கிறது. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஸ்க்ரூ போட்டு வைக்க ஒரு கிண்ணம், இவை போதும். ப்ராஸசர் மேல் உட்காரும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். ப்ராஸசர் பக்கத்தில் செருகும் 8 பின் வயரை மறக்காதீர்கள். டிடிஆர்5 போட்டிருந்தால் முதல் தடவை ஆன் செய்யும்போது திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். அது ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம். ஃபேன் சுற்றுகிறதா, பயந்து அணைக்காதீர்கள், டீ போட்டுவிட்டு வந்து பாருங்கள். வணக்கம்.