கடலோரத்து நல்ல தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் நண்பரும் தூத்துக்குடியிலிருந்து உவரி வரைக்கும் கடலோரமாகவே போய் வந்தோம். திருச்செந்தூர், குலசேகரப்பட்டினம், மணப்பாடு, அப்புறம் உவரி. எல்லா ஊரையும் சொல்ல ஆசைதான். ஆனால் தண்ணீர்ப் பேச்சை எடுத்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் எச்சரித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

நண்பர் கையில் ஐந்து லிட்டர் கேன். "கடற்கரை ஊர்வே, வாயில வைக்க முடியாது" என்றார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

40 கிலோமீட்டர் போனால் திருச்செந்தூர். கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போனோம். உங்களில் பலர் போயிருப்பீர்கள். படியிறங்கிப் போனால், பெரிய கிணற்றுக்குள்ளே சின்னதாக ஒரு கிணறு. எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஊறிக்கொண்டே இருக்கும். சூரனை வென்ற பிறகு, படைவீரர்களின் தாகம் தீர்க்க முருகன் வேலை ஊன்றி வரவழைத்த ஊற்று என்பார்கள். கடலோ கூப்பிடு தூரத்தில்! நண்பர் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு கை அள்ளினார்.

இது எப்படி என்றால், ரசத்தில் நெய் விட்டால் மேலே மிதக்கிறதல்லவா, அந்தக் கதைதான். நெய் மாதிரி ஒட்டாமல் நிற்காது, எல்லையில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் அது கனம். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் கனம் குறைவு. அது மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. நாற்பது அடி! இதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஆழ்துளை போட்டு மோட்டாரை ஓடவிட்டார்கள். இன்று எங்கள் வீட்டுக் கிணற்றில் பருப்பு வேகாது. நானும் ஒரு துளை போட்டவன்தான், மறைப்பானேன்.

மழையைப் பிடித்து வைப்பது இந்த மணல்தான். திருச்செந்தூர்ப் பக்கம் செக்கச்செவேலென்று தேரிக்காடு கிடக்கிறதே, அதைப் பாலை என்று நினைக்காதீர்கள். பெய்கிற மழையை வழியவிடாமல் குடித்துவிடும். மேலப்புதுக்குடியில் அந்தத் தேரிக்கு நடுவே ஒரு சுனை. அதற்குக் காவலாக அருஞ்சுனை காத்த அய்யனார். தண்ணீருக்குச் சாமியையே காவல் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பனைக்கும் இந்த மணலில் இறங்கிய மழைதான்.

குலசேகரப்பட்டினத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. தசரா சமயத்தில் பார்க்க வேண்டிய ஊர். ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டிய ஊரும் அதுதான்.

மணப்பாட்டில் மணல் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை அங்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிறது. குகைக்குள்ளே ஒரு கிணறு. அலை வந்து மோதுகிற பாறை, உள்ளே நல்ல தண்ணீர்! நண்பர் இந்த முறை என்னை முந்திக்கொண்டு குடித்தார். "உப்பு தெரியலையேவே" என்றார். கேனைத் தூக்கிச் சுமந்ததுதான் மிச்சம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். உவரிக்கு இரண்டே நிமிடம் என்று எழுதி வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. சுயம்புலிங்க சுவாமி கோயிலில், கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டுகிற நேர்த்திக்கடன் உண்டு. நண்பரும் ஒரு பெட்டி சுமந்தார். கேன் அப்போது என் கையில் இருந்தது. வணக்கம்.