மனைவியாக இருந்தபடியே கேட்கும் உரிமை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜீவனாம்சம் என்றதும் விவாகரத்துக்குப் பிறகு கிடைக்கும் தொகை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த எண்ணத்தாலேயே, தாலியை அறுத்துக்கொள்ள மனமில்லாத எத்தனையோ பெண்கள் நீதிமன்ற வாசலை மிதிப்பதில்லை. ஆனால், போதிய வருவாய் உள்ள கணவர், தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மனைவியைக் கவனிக்காமல் விட்டாலே அவர் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்பதுதான் சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. திருமணம் நீடிக்கும்போதே கேட்கலாம். விவாகரத்து பெற்று மறுமணம் செய்யாதவரையும் இப்பிரிவு 'மனைவி' என்றே கொள்கிறது. இதற்கு மத வேறுபாடும் இல்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இப்பிரிவின் கீழ் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மீண்டும் உறுதி செய்தது.

'இயலாத' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. பெண் பட்டதாரி, எங்காவது வேலைக்குப் போகலாமே என்பது கணவர் தரப்பில் வழக்கமாக எழும் வாதம். பிரிந்த பிறகு பிழைத்திருக்க அவள் ஏதோ சிறிது சம்பாதிக்கிறாள் என்பதாலேயே உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் கூறியது. என் பார்வையில், குழந்தைகளை வளர்க்க வேலையை விட்டவரிடம் பட்டச் சான்றிதழைக் காட்டி வாதிடுவது நியாயமற்றது.

'வீட்டுக்கு வந்தால் சோறு போடுகிறேன்' என்று கணவர் சொல்வதும் உண்டு. மனைவி மறுக்கும் காரணத்தை நீதிமன்றம் பரிசீலிக்கும்; கணவர் வேறொரு பெண்ணை மணந்திருந்தால் அதுவே மறுப்பதற்கு நியாயமான காரணம். தக்க காரணமின்றிச் சேர்ந்து வாழ மறுக்கும் மனைவிக்கு இந்த உரிமை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மனைவி தாம் தற்போது வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து, இயன்றவரை 60 நாட்களுக்குள் இடைக்காலத் தொகை கோரும் மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக நாட்கள் ஓடிவிடுகின்றன. அந்தத் தாமதத்தின் சுமை மனுதாரர் தலையில் விழாதிருக்க, மனுத் தாக்கலான நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும், இருதரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் வகுத்தது.

உத்தரவு கைக்கு வந்த பிறகும் பணம் வராத வீடுகள் உண்டு. அப்போது அதை வசூலிக்க வாரண்டு கேட்கலாம். கணவர் சிறைக்குச் சென்றாலும் பாக்கி தீர்ந்ததாகாது. ஆனால் ஒவ்வொரு பாக்கிக்கும், அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். 'அடுத்த மாதம் தருகிறேன்' என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்தக் கெடுவைத்தான்.