45 பேருக்கு இரண்டு துண்டு
(வியாசர்பாடியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி ப்ளை என்றதும், 72 நாளில் உலகைச் சுற்றியவர் என்றுதான் சொல்வார்கள். 1889 நவம்பரில் கிளம்பி 1890 ஜனவரியில் திரும்பினார். வழியில் கொழும்பில்கூட, கப்பலுக்காகச் சில நாள் தங்கினார். சரி, அது இருக்கட்டும். அதற்கு இரண்டு வருஷம் முந்தி அவர் எழுதிய பூட்டுகளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நிஜப் பெயர் எலிசபெத் காக்ரன். பெண்களுக்கு வீட்டு வேலைதான் லாயக்கு என்று பிட்ஸ்பர்க் பத்திரிகை ஒன்றில் ஒருவர் எழுதினார். பொறுக்காமல் இவர் போட்ட பதில் கடிதம்தான் 1885இல் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தது. ஆலைப் பெண்களைப் பற்றி எழுதினார். அப்புறம் பூந்தோட்டம், உடை ரகம் மாதிரியான விஷயங்களை எழுதச் சொன்னார்கள். விட்டுவிட்டு நியூயார்க் போனார்.

1887இல் அங்கே ஜோசப் புலிட்சர் நடத்திய 'வேர்ல்ட்' பத்திரிகைக்காக, புத்தி பேதலித்தவராக நடித்து, நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவிலிருந்த பெண்கள் மனநோய்க் காப்பகத்துக்குள் போனார். 10 நாள். வயது 23. தீவில் கால் வைத்ததுமே நடிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் தெளிவாகப் பேசப் பேச, முற்றிவிட்டது என்றே நினைத்தார்கள். ஜெர்மன் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணை, அவள் சொல்வது என்னவென்று கேட்காமலே உள்ளே தள்ளியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்தபடி யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நிற்கும் வடநாட்டுப் பெண்களை நம் பக்கத்தில் பார்க்கிறோமே, அந்த முகம்தான் எனக்கு நினைவு வந்தது.

அவர் எழுத்தில் பெரிய வார்த்தைகள் குறைவு. எண்ணிக்கை இருக்கும். முகம் துடைக்க 45 பேருக்கு முரட்டுத் துண்டு இரண்டு. தலையில் அடுத்தடுத்து மூன்று வாளி ஐஸ் தண்ணீர். சாப்பாட்டில் உப்பு இல்லை.

ராத்திரி தூக்கம் வராமல் பூட்டுகளை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அந்தக் கட்டடத்தில் 300 பெண்கள். ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு, ஜன்னலில் கனத்த கம்பி. தீப்பிடித்தால்? ஒரு முனையில் கைப்பிடியைத் திருப்பினால் வரிசைக் கதவுகள் மொத்தமும் திறக்கும் பூட்டு இருக்கிறதே, அதை மாட்டலாமே என்று டாக்டரிடம் கேட்கிறார். "அதை எங்கே பார்த்தாய்?" என்று டாக்டர் கவலையோடு கேட்கிறார், இவள் முன்பு ஜெயிலில் இருந்தவளோ என்று. நிஜத்தில் பிட்ஸ்பர்க் சிறையில்தான் பார்த்திருந்தார், பார்வையாளராக. கைதிக்குக் கிடைத்த பூட்டு நோயாளிக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது என் சித்தி ஞாபகம் வந்தது. அவர் தைக்கப் போன எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஷிஃப்ட் தொடங்கியதும் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுவார்கள். சாவி வாட்ச்மேன் இடுப்பில். அவர் டீ குடிக்கப் போனால் சாவியும் போகும். சித்தி கடைசிவரை ஜன்னல் ஓரத்து மெஷினைத்தான் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில் சங்கிலியால் பிணைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். ப்ளை எழுதி 114 வருஷம் கழித்து. பூட்டைப் பற்றி அவர் எழுதிய வரிகளை இன்றைக்கும் என்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியவில்லை.

ப்ளையின் கட்டுரை வந்ததும் கிராண்ட் ஜூரி, அதாவது பொதுமக்களைக் கொண்ட நீதிமன்ற விசாரணைக் குழு, விசாரணை தொடங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போனது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. காட்டிய ரொட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதிகாரி வருகிறார் என்றால் நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுண்ணாம்பு அடிப்பார்களே, அதே கதை. ஆனாலும் ஜூரி அவரைத்தான் நம்பியது. அவர் கேட்ட மாற்றங்களையே தானும் பரிந்துரைத்தது. தன் கட்டுரையால் 10 லட்சம் டாலர் கூடுதலாக ஒதுக்கினார்கள் என்று ப்ளையே எழுதியிருக்கிறார்.

அன்றைக்குச் சமையலறையில் ஒன்றை அவர் கவனித்தார். கதவருகே, எல்லார் கண்ணிலும் படும்படி, இரண்டு பீப்பாய் நிறைய உப்பு திறந்து வைத்திருந்தது.