இல்லத்தை மூடலாம், வகுப்பை மூடலாமா?

நடுவர் அவர்களே, அலைச் சத்தத்தையும் மீறி மைக் கட்டிக் கொடுத்த விழாக் குழுவினரே, பாம்பன் மக்களே, வணக்கம்.

சட்டத்தோடு முரண்பட்ட, அதாவது குற்ற வழக்கில் சிக்கிய பிள்ளைகளை வைத்திருக்கும் சிறார் இல்லம் ஒன்று மூடப்பட்டால், அவர்கள் படிப்புக்குப் பொறுப்பு குடும்பமா, அரசா? இதுதான் தலைப்பு. அரசுதான் என்கிறது எங்கள் அணி.

"பெத்த தாயைவிட அரசாங்கத்துக்கு அக்கறை அதிகமா?" என்று கேட்டு எதிரணி அண்ணன் கைத்தட்டல் வாங்கிவிட்டார். அக்கறையில் தாயை மிஞ்ச ஆளில்லை, சரி. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்கக் கடலில் முங்குகிற அம்மா, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு பையனைப் பத்தாம் வகுப்பில் சேர்க்கப் போகிறாள். "டி.சி. எங்கம்மா?" என்கிறார்கள். அதைக் கொடுக்க வேண்டிய இடமே பூட்டிக் கிடக்கிறது. அக்கறையைக் காட்டினால் அட்மிஷன் போடுவார்களா?

டி.சி. தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. ஆனால் அது 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். இந்த வழக்குகளில் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 16, 17 வயது. சட்டம் கையை விடுகிற இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

டி.சி. கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் இல்லத்தின் பெயர் அச்சாகியிருந்தால்? பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. பெயர் போட்ட அந்தக் காகிதமோ டி.சி. அல்ல, ஊர் முழுக்கப் படிக்கிற குற்றப்பத்திரிகை. அதை மாற்றித்தர அம்மாவால் முடியுமா? கையெழுத்து போடுகிற அதிகாரி வேண்டும்.

இல்லத்தையே மூடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அடைத்து வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் மாநிலச் சிறார் இல்லங்களை 2023 ஜூன் 30 அன்று மூடினார்கள். பொறுப்பு, நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான கவுண்டி நிர்வாகங்களுக்குப் போனது; அங்கே சிறார் கூடங்களில் கவுண்டிக் கல்வி அலுவலகங்கள் பாடம் நடத்துகின்றன. அதிலும் குறை இருக்கும். ஆனால் ஒரு அரசு அலுவலகம் இறக்கி வைத்த சுமையை இன்னொரு அரசு அலுவலகம்தான் தூக்கியது.

இங்கே என்ன ஆகும்? பள்ளிக்கூடம் இழுத்தடித்தால் அந்த வயசுப் பையனுக்கு விசைப்படகில் இடம் காத்திருக்கிறது. வலை இழுக்க டி.சி. யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை சம்பளக் காசு கைக்கு வந்துவிட்டால், அப்புறம் வகுப்புக்குத் திரும்புவது லேசில்லை. அதற்காகப் படகுக்காரரைத் திட்டவும் எனக்கு மனசில்லை. அவராவது பையனை உள்ளே ஏற்றினார்.

அதனால் இல்லத்தின் சாவியை ஒப்படைக்கும் முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் பள்ளிச் சான்றும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மேசைக்கு வந்து சேர வேண்டும். நன்னடத்தை அலுவலர் கூடவே போய்ச் சேர்த்துவிட வேண்டும். சேர முடியாதவனைத் தனித்தேர்வராக எழுத வைக்க வேண்டும்.

எதிரணி அண்ணனுக்கு ஒரே கேள்வி. மூடப்பட்ட இல்லத்திலிருந்து டிசம்பரில் வீட்டுக்கு வருகிற பையனுக்கு, பொதுத்தேர்வு விண்ணப்பத்தைப் போடப் போவது யார்? ஆளைக் காட்டுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.