அழுத பிள்ளையும் ஆங்கிலப் பலகையும்

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கடைகளை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர் சங்கத்தாரே, பந்தலுக்கு இடம் தந்த கோயில் தர்மகர்த்தா அவர்களே, ஜமாத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மோர்ப்பானையோடு வந்திருக்கும் சுயஉதவிக் குழுத் தாய்மார்களே, ஒலிபெருக்கிக்கு வாடகை வேண்டாம் என்ற தம்பியே, அனைவருக்கும் வணக்கம். யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன கூட்டத்தில் நான் விட்டுவிட்ட ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாம் இங்கே அழத்தான் கூடியிருக்கிறோம். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். நம்மூர் ஆஸ்பத்திரியில் இரவுப் பிரசவத்தை நிறுத்தியது ஒன்று. ரத்தப் பரிசோதனையைப் பகலோடு முடித்துக்கொள்வது இரண்டு. மூன்றாவது தானே வரும்.

ஆனி மாதம், இரவு பதினொன்றரை மணி. என் அக்காள் மகளுக்கு வலி கண்டது. ஆட்டோவில் ஓடினோம். கேட்டில் பூட்டு. காவலாளி டார்ச் அடித்துச் சுவரைக் காட்டினார். "போர்டில் போட்டிருக்கிறதே, அம்மா!" போட்டுத்தான் இருந்தது. முழுக்க ஆங்கிலத்தில், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியோடு. அக்காள் கேட்டாள்: "எனக்குத்தான் படிப்பில்லை. வயிற்றுக்குள் இருப்பதற்காவது இங்கிலீசு தெரியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்."

108 வந்தது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வீரவநல்லூர் போயிற்று, சேரன்மகாதேவி போயிற்று. பத்தமடையில் பிள்ளை பிறந்தேவிட்டான். ஊரே பாய் முடையும் பத்தமடையில் பாயில்லாமல் பிறந்த ஒரே பிள்ளை அவனாகத்தான் இருப்பான்! பிறந்தவன் அழவில்லை. வண்டியிலிருந்த பணியாளர் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அழுதான் பாருங்கள்! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே தாயின் உயிர் போகலாம். பிரசவ எண்ணிக்கை குறைந்துவிட்டதாம், அதனால் நிறுத்தினார்களாம். இரவில் பூட்டி வைத்தால் எண்ணிக்கை எப்படி ஏறும்? பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரி நமக்கு வேண்டியதுதான். 1965-இல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது இந்தச் சீமைக்கே வாழ்வு. அதற்காக, பாபநாசத்தில் அணை இருக்கிறதே என்று கன்னடியன் கால்வாயை அடைப்பார்களா?

இப்போது மூன்றாவது. அந்தப் பலகை தமிழில் இருந்திருந்தால் மறுநாளே ஊர் திரண்டிருக்கும். ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. மருந்துச் சீட்டும் தமிழில் வேண்டும், ஆஸ்பத்திரிப் பலகையும் தமிழில் வேண்டும் என்று கேட்டுக் கேட்டே என் தலை நரைத்துவிட்டது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ரத்தப் பரிசோதனையை அடுத்துப் பேசுபவர் பார்த்துக்கொள்வார்.

மனு மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. அதைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்தையும் தமிழிலேயே போடுங்கள், முன்னெழுத்து உட்பட.