ஆஷ்போர்ன் பந்தும் ஊர்ப் பொதுத் திடலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அரங்கத்தை மனமுவந்து தந்த நூலகர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, எனக்கு முன்னே பேசி அவையைக் கட்டிப்போட்ட சகோதரி அவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘ஊர் கூடித் தேர் இழு’ என்பார்கள். இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஆஷ்போர்ன் என்றொரு சின்னச் சந்தை ஊர். அங்கே ஊர் கூடி இழுப்பது ஒரு பந்தை! விளையாட்டு, திடல் என்று இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்.

ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும் கால்பந்து அது. ஆட்டம், ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயும் மறுநாள் சாம்பல் புதனும். ஊருக்குள் ஓடும் ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர்கள் ‘அப்பர்ட்ஸ்’, தெற்கே பிறந்தவர்கள் ‘டவுனர்ட்ஸ்’. ஸ்டர்ஸ்டனில் ஒரு கோல், கிளிஃப்டனில் ஒரு கோல். இடையே மூன்று மைல். பந்தைத் தம் பக்கத்துக் கோலுக்கே கொண்டுபோக வேண்டும்.

கடைக்காரர்கள் முன்கூட்டியே கண்ணாடிகளுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். பகல் 2 மணிக்குப் பந்தைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். இரவு 10 வரை ஆட்டம். பந்தைச் சுற்றி ஆட்கள் இறுகி நிற்பதை ‘ஹக்’ என்கிறார்கள். பிப்ரவரிக் குளிரிலும் அந்தக் கூட்டத்தின் மேல் ஆவி பறக்கும்! பந்து யார் காலடியில் என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. ஓட்டக்காரர்கள் உள்ளே நுழையாமல் ஓரத்தில் காத்திருப்பார்கள். பந்து நழுவியதோ இல்லையோ, தூக்கிக்கொண்டு ஓட்டம்! தெரு, வேலி, வயல், கடைசியில் ஓடைக்குள். தோல் பந்துக்குள் தக்கை அடைத்திருப்பது அதற்காகத்தான், தண்ணீரில் மிதக்க வேண்டும். தண்ணீருக்குள் நின்றபடி, ஓடைக்கரையில் கோலாக வைத்திருக்கும் கல்லில் பந்தை மூன்று முறை அடித்தால்தான் கோல். இரண்டோடு எதிரணி பறித்துவிட்டால் கணக்கில்லை. அடித்தவருக்கே பந்து சொந்தம். 1943-ல் இரண்டு பெண்கள் கோல் போட்டிருக்கிறார்கள், தாய்மார்களே!

கட்டுப்பாடும் உண்டு. வண்டியில் ஏற்றக் கூடாது, பைக்குள் மறைக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்துக்குள் போகக் கூடாது.

இனித் திடல். இதற்காகத்தான் இந்த மேடைக்கே வந்தேன். தெருவில் கால்பந்து ஆடக் கூடாதென்று 1835-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 1860-களில் சந்தைத் திடலில் ஆடியவர்கள் மேல் வழக்குகள். அப்போது கைகொடுத்தது ஷா கிராஃப்ட் என்ற திறந்தவெளி. ஆட்டம் அங்கே தொடங்கலாயிற்று. 1928-ல் வேல்ஸ் இளவரசர் பந்தை வீசியதும் அங்கேதான். இன்று அது கார் நிறுத்துமிடம். ஆனாலும் ஆட்டம் தொடங்கும் இடம் இன்னும் திறந்தவெளிதான். அந்த இரண்டு நாளும் இடம் மறுபடி ஆட்டக்காரர்களுடையது.

‘ஊர் கூடித் தேர் இழு’ என்கிறோம். கூட இடம் வேண்டாமா? எந்த ஊர்த் திடலையும் விற்கவோ குத்தகைக்கு விடவோ தீர்மானம் போடும்முன், அங்கே ஆண்டில் எந்தெந்த நாள் என்னென்ன நடக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், தெரு, கையெழுத்து மூன்றும் வேண்டும். தெரு இல்லாத கையெழுத்தைத் தள்ளிவிடுவார்கள். போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.